துறைபோகிய பெருந்தகைகள்

காலம் பொன் போன்றது என்று சொல்லிச் சொல்லியே நம்மைப் பதற வைத்துவிட்டார்கள். அந்தப் பதற்றம் தீர வேண்டுமானால், ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் காலை பதினொரு மணிவாக்கில் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகருக்கு மேற்கே உள்ள மேன்ஸ்ஃபீல்ட் அணைப் பூங்காவுக்குப் போய், அங்கிருக்கும் படகு ராம்பின் ஓரத்தில் நின்று பார்க்க வேண்டும். ஏரிக்குள் இறங்கும் காங்கிரீட் சரிவு. அதன் மேல்முனையில் தொடங்கி வண்டி நிறுத்துமிடத்தையும் தாண்டி நீளும் வரிசை. வரிசை முழுக்கப் பிக்கப் டிரக்குகள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு டிரெய்லர், டிரெய்லர் மேல் ஒரு படகு. டிரக்குக்குள்ளே, தண்ணீரைக் கண்ணால் பார்த்துவிட்ட பிள்ளைகள். எல்லோருக்கும் முன்னால், சரிவின் நட்டநடுவில் ஒருவர், தம் படகுக்குப் போர்த்திய உறையின் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்கிறார். எப்படியும் முப்பது பட்டனாவது இருக்கும். ஒன்றையும் அவர் அவசரப்படுத்தவில்லை.

இப்படிப்பட்டவர்களைப் பற்றி யாரும் நல்ல வார்த்தை நாலு எழுதுவதில்லை. வரிசையில் நிற்கிறவர்கள் சொல்லும் வார்த்தைகளோ அச்சில் ஏற்றக்கூடியவை அல்ல. அந்தக் குறையை நான் தீர்த்து வைக்கிறேன்.

ராம்பைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு விளக்கம். அமெரிக்காவில் படகு வைத்திருக்கும் பெரும்பாலோருக்கு ஏரிக்கரையில் வீடு கிடையாது. படகு வீட்டு வாசலில் டிரெய்லர் மேல் கிடக்கும். வார இறுதியில் டிரக்கில் மாட்டி இழுத்து வந்து, ராம்பில் பின்பக்கமாகவே ஓட்டி டிரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்கினால் படகு தானாக மிதக்கும். ஒருவர் படகைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் வெறும் டிரெய்லரோடு மேலேறிப் போய் வண்டியை நிறுத்திவிட்டு வர வேண்டியதுதான். சரிவு நூறு அடிக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து அடி இறங்கும்படி கட்டப்பட்டிருக்கும். டயர் வழுக்காதிருக்க காங்கிரீட்டில் வரிவரியாகப் பள்ளம் இழுத்திருப்பார்கள். ஒரு தடத்தின் அகலம் ஏறக்குறைய 15 அடி. பழகிய கைக்கு மூன்று நிமிட வேலை.

ஆனால் அந்த மூன்று நிமிடத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய சில்லறை வேலைகள் உண்டு. உறையைக் கழற்றுவது, பின்பக்கப் பட்டைகளை அவிழ்ப்பது, கயிறு கட்டுவது, ஐஸ் பெட்டியை ஏற்றுவது, லைஃப் ஜாக்கெட் எடுத்து வைப்பது, பேட்டரி உயிரோடிருக்கிறதா என்று பார்ப்பது. இதற்கென்றே ராம்புக்கு மேலே, வரிசைக்கு ஒதுங்கினாற்போல் இடம் விட்டிருப்பார்கள். சாமானியர்கள் அங்கே ஒதுங்கி எல்லாவற்றையும் முடித்துக்கொண்டுதான் சரிவில் இறங்குவார்கள். நம் பெருந்தகை அந்த இடத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஒளிந்து மறைந்து வேலை செய்வது அவர் இயல்பே அல்ல. நாலு பேர் பார்க்க, முடிந்தால் நாற்பது பேர் பார்க்க, சரிவிலேயே நிறுத்திவிட்டு அவிழ்ப்பார். அவர் வாழ்க்கை திறந்த புத்தகம். ஐஸ் பெட்டிக்குள் என்ன பானம், எத்தனை டப்பா, சன் ஸ்கிரீன் வாங்க மறந்தது யார் குற்றம், அதற்காகப் போன வருடமும் சண்டை நடந்ததா, எல்லாம் பின்னால் நிற்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். முன்பின் தெரியாதவர்களிடம் இவ்வளவு ஒளிவுமறைவின்றிப் பழகும் மனிதரை வேறெங்கே பார்க்க முடியும்?

படகு தண்ணீரைத் தொட்ட பிறகுதான் அவர் எஞ்சினைச் சோதிப்பார். வீட்டிலேயே தோட்டக் குழாயை மாட்டி ஓட்டிப் பார்க்கலாம். ஆறு மாதம் ஷெட்டில் கிடந்த பேட்டரிக்கு முந்தின நாள் இரவே சார்ஜ் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் இந்த இன்பம் ஏது? சாவியைத் திருப்புகிறார், 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடி திருப்புகிறார், மறுபடி 'டக்'. மூடியைத் திறந்து எஞ்சினை உற்றுப் பார்க்கிறார். எஞ்சினும் அவரைப் பார்க்கிறது. பத்து நிமிடம் கழித்து வரிசையில் இருந்தே ஒருவர் ஜம்பர் கேபிளோடு இறங்கி வருகிறார். அந்த உதவியைச் செய்து புண்ணியம் தேடிக்கொள்ளும் வாய்ப்பை அவருக்குக் கொடுத்தது யார்?

இத்தனைக்கும் இந்தச் சரிவு யாருடைய சொந்தப் பணத்திலும் கட்டியதல்ல. அமெரிக்காவில் தூண்டில், உருளை, முள் என்று மீன்பிடிச் சாமான்களில் பெரும்பாலானவற்றின் விலைக்குள் மறைமுகமாகப் பத்து சதவீத வரி இருக்கிறது. 1950-இல் டிங்கெல்–ஜான்சன் சட்டம் அதை மீன்வளத்துக்கென்று மாநிலங்களுக்குத் திருப்பிவிட்டது. 1984-இல் வாலப்–புரோ திருத்தம் வந்து, விசைப்படகில் எரியும் பெட்ரோல் மீதான வரியையும் அந்த உண்டியலில் சேர்த்தது. ஒவ்வொரு மாநிலமும் தன் பங்கில் 15 சதவீதத்தைப் பொதுமக்கள் படகு இறக்கும் வசதிகளுக்குச் செலவழிக்க வேண்டும் என்பது இன்றைய விதி. ஆகவே, ஐந்து டாலருக்கு முள் பாக்கெட் வாங்கிப் பாலத்தடியில் உட்கார்ந்து கெளுத்தி பிடிக்கிறானே, படகே இல்லாத பையன், அவனுக்கும் இந்தக் காங்கிரீட்டில் பங்குண்டு. அவன் பங்கு உட்பட எல்லோர் பங்கையும் ஒருவரே அரை மணி நேரம் பொறுப்பாகப் பாதுகாத்து நிற்பதென்றால் லேசான காரியமா? கோயில் சொத்தைக் கூட இவ்வளவு அக்கறையாகக் காக்கும் தர்மகர்த்தாவை நான் கண்டதில்லை.

அடுத்து, பின்பக்கமாக ஓட்டும் கலை. டிரெய்லர் மாட்டிய வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் டிரெய்லர் இடப்பக்கம் போகும். இதற்கு ஒரு எளிய உபாயம் உண்டு. ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டால், கை எந்தப் பக்கம் நகர்கிறதோ டிரெய்லரும் அந்தப் பக்கமே போகும். ஞாயிற்றுக்கிழமை மாலை காலியான பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு மணி நேரம் பழகினால் கைவந்துவிடும். பெருந்தகைகள் காலி மைதானத்தில் பழகுவதில்லை. கலைஞனுக்குச் சபை வேண்டாமா?

நம்மவர் ஒருவர் சபையேறியதைப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. புதிய படகு, விலைச்சீட்டின் பசை இன்னும் போகவில்லை. மனைவி கீழே தண்ணீரோரம் நின்று இரண்டு கையையும் வீசி வழிகாட்டுகிறார்.

"ஏங்க, லெஃப்ட்டு! லெஃப்ட்டு!"

"எந்த லெஃப்ட்டு? உன் லெஃப்ட்டா, என் லெஃப்ட்டா?"

"ரெண்டு பேருக்கும் இல்லீங்க, டிரெய்லருக்கு லெஃப்ட்டு!"

"அது திரும்பி நிக்குதே, அதுக்கு எது லெஃப்ட்டு?"

டிரெய்லர் தன் வழியைத் தானே முடிவு செய்துகொண்டு, டிரக்கோடு சேர்ந்து 'எல்' எழுத்தாக மடங்கி, பக்கத்துத் தடத்தையும் அணைத்துக்கொண்டு நின்றது. ஒரு தடத்தில் இறங்க வந்தவர் இரண்டு தடத்துக்கும் உரிமையாளர் ஆனார். அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ஏரிக்கரையே பேசிக்கொண்டிருந்தது. இன்று இந்தக் கலைக்கு ரசிகர்கள் கோடிக்கணக்கில். ஃபுளோரிடாவில் மயாமிப் பக்கத்து ராம்புகளில் காமிராவோடு காத்திருந்து, மூழ்கும் டிரக்கையும் மோதும் படகையும் படம்பிடித்து யூடியூபில் போடுவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். தாம் நனைந்து பிறர் அடுப்பெரிய வைக்கும் வள்ளல்களை அந்தப் படங்களில் காணலாம்.

விடிவதற்கு முன் வருகிறவர்களின் உபகாரம் வேறு வகை. இருட்டில் ராம்பை விட்டு மேலே ஏறி வருகிறவர் ஹெட்லைட்டை முழு வெளிச்சத்தில் வைத்திருப்பார். அந்த நேரத்தில் பின்பக்கமாக இறங்குகிறவர் கண்ணாடியை மட்டுமே நம்பி இறங்குகிறார். கண்ணாடி முழுக்க வெள்ளை வெளிச்சம். எதுவும் தெரியாது. ஒரு விசையைத் திருகி விளக்கைத் தணித்திருக்கலாம். ஆனால் பிறருக்கு ஒளி வழங்குவதில் கருமித்தனம் காட்டலாமா?

இந்த மகான்களுக்கு நடுவே, சொல்லவே வருத்தமாயிருக்கிறது, சில உப்புச்சப்பில்லாத ஜென்மங்களும் உண்டு. பெரும்பாலும் காலை ஐந்தரைக்கு வரும் மீன்பிடிக் கிழவர்கள். மேலே ஒதுங்கி நிற்பார்கள், பட்டையை அவிழ்ப்பார்கள், படகின் அடித் துளையை அடைக்கும் பிளக்கை விரலால் தொட்டுப் பார்ப்பார்கள், முறை வந்ததும் ஒரே நேர்கோட்டில் இறக்குவார்கள். படகு மிதந்ததும் அதைத் துறைமேடையின் கோடிக்குத் தள்ளிக் கட்டிவிட்டு, வண்டியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நின்று பார்க்க ஒரு காட்சி கிடையாது, கேட்க ஒரு வசனம் கிடையாது. பக்கத்தில் யாராவது தனியாக வந்து திணறினால், கேட்காமலே போய்க் கயிற்றைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் நகர்ந்துவிடுவார்கள். இப்படிப்பட்டவர்களால் ஊருக்கு என்ன கேளிக்கை உண்டு?

துறைமேடை என்றேன். ராம்பை ஒட்டித் தண்ணீருக்குள் நீளும் மரப்பலகை மேடை அது. ஆளை ஏற்றி இறக்க மட்டும் என்று பலகை எழுதி வைத்திருக்கும். எழுத்தறிவு பெற்ற நம் தமிழ்ச் சமூகம் அதையெல்லாம் படிக்காமலா இருக்கும்? படித்துவிட்டுத்தான் உட்காருகிறோம். ஒரு பான்டூன் படகு வாடகைக்கு எடுத்தால் நாலு குடும்பம். நாலு குடும்பம் என்றால் எட்டுத் தூக்குவாளி. புளியோதரை ஒரு பக்கம், தயிர்சாதம் ஒரு பக்கம், எலுமிச்சை ஊறுகாயை எடுத்து வர மறந்தவர் தலை குனிந்தபடி ஒரு பக்கம். "அண்ணி, இந்தப் பக்கம் பாருங்க, ஒரு செல்ஃபி!" "மச்சி, ஐஸ் வாங்கவே இல்லடா!" ஐஸ் வாங்கப் போனவன் திரும்பும் வரை படகு கட்டினது கட்டினபடி. தண்ணீரில் இரண்டு படகுகள் கரைசேர இடமில்லாமல் வட்டமடிக்கின்றன. ஒரு படகுக்காரர் கையை உயர்த்துகிறார். நம் ஆட்கள் அத்தனை பேரும் மகிழ்ச்சியோடு பதிலுக்குக் கையசைக்கிறார்கள். விருந்தோம்பலில் நம்மை யார் மிஞ்ச முடியும்?

இனி பிளக். படகின் அடிவயிற்றில், பின்புறம், கட்டைவிரல் பருமனில் ஒரு துளை இருக்கும். உள்ளே சேரும் தண்ணீரை வடிக்க அது. கரையேறியதும் பிளக்கைக் கழற்ற வேண்டும். இறக்குமுன் மாட்ட வேண்டும். சில டாலரே பெறும் இந்தச் சாமானை மாட்டாமல் இறக்கினால் ஐம்பதாயிரம் டாலர் படகு மெள்ள, மிக நாகரிகமாக, பின்பக்கமாக உட்காரத் தொடங்கும். நம் பெருந்தகை இதை உடனே கவனிக்க மாட்டார். அவர் வண்டியை நிறுத்தப் போயிருப்பார். திரும்பி வரும்போது துறைமேடையில் கூட்டம் கூடியிருக்கும். தம்மை வரவேற்கத்தான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வருவார்.

மாலையில் படகைத் திரும்ப ஏற்றும்போதும் அவர் பெருமை குறைவதில்லை. டிரெய்லரின் முன்முனையில் கையால் சுற்றும் வின்ச் ஒன்று இருக்கும். கொக்கியை மாட்டிச் சுற்றினால் படகு அமைதியாக ஏறி உட்காரும். கை வலிக்கும் என்பது மட்டுமே குறை. ஆகவே அவர் எஞ்சினை முழு வேகத்தில் முடுக்கிப் படகை டிரெய்லர் மேல் பாய்ச்சுகிறார். விசிறி பின்னால் தள்ளும் தண்ணீர், காங்கிரீட் முடிகிற இடத்துக்கு அப்பால் உள்ள மண்ணையும் சரளையையும் வாரி எறிகிறது. நாளடைவில் காங்கிரீட்டின் விளிம்புக்குக் கீழே ஒரு குழி, அதற்கு அப்பால் ஒரு மேடு. ஏரி வற்றும் பருவத்தில் வேறொருவர் கொஞ்சம் கூடுதலாக டிரெய்லரை இறக்குவார்; சக்கரம் விளிம்பைத் தாண்டிக் குழியில் விழும்; அச்சு காங்கிரீட்டில் மாட்டிக்கொள்ளும். தாம் இல்லாத நாளிலும் பிறர் தம்மை நினைக்கும்படி ஏதாவது விட்டுச் செல்ல வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். குளம் வெட்டியவன் பெயர் நிலைக்கிறதல்லவா? இவர் குளத்துக்குள்ளேயே குளம் வெட்டியவர்.

ஆனால் இந்தக் கொடைகளெல்லாம் ஒரு ராம்போடு முடிந்துபோகிறவை. எல்லை கடந்த கொடை ஒன்று உண்டு. வரிக்குதிரைச் சிப்பி என்றொரு பிராணி, விரல் நகம் அளவு, ஓட்டின் மேல் கறுப்பு வரி. கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்துப் பூர்வீகம். கப்பல்கள் சுமந்துவந்த தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு வந்து, 1988-இல் அமெரிக்க–கனடா எல்லையில் செயின்ட் கிளேர் ஏரியில் தலைகாட்டியது. ஒரு பெண் சிப்பி வருடத்துக்குப் பத்து லட்சம் முட்டை வரை இடும். குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாதவை. படகின் அடியில் தேங்கிய நீரில், மீன் போட்டு வைக்கும் தொட்டியில், தூண்டில் இரை வைத்த வாளியில் இருந்துகொண்டு ஊர் ஊராகப் பயணம் போகும். ஆனால் சிப்பிக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. ஒரு ஏரியிலிருந்து சம்பந்தமே இல்லாத இன்னொரு ஏரிக்கு நெடுஞ்சாலை வழியாகப் போக யாராவது பெரிய மனது வைத்து டிரெய்லரில் ஏற்றிச் செல்ல வேண்டும். நம் பெருந்தகைகள் வைத்தார்கள்.

டெக்சாஸில் முதலில் 2009-இல், வடக்கெல்லையில் உள்ள டெக்சோமா ஏரியில் இந்தச் சிப்பி வந்தது தெரிந்தது. 2014 முதல் மாநிலம் முழுக்க ஒரே சட்டம்: பொது நீர்நிலைக்கு வரும்போதும் அதை விட்டுப் போகும்போதும் படகில் உள்ள தண்ணீர் முழுவதையும் வடித்துவிட வேண்டும். சிப்பியை ஏற்றிச் சென்று பிடிபட்டால் முதல் தடவைக்கு 500 டாலர் வரை அபராதம். வடித்து, துடைத்து, உலர விட்டால் கதை முடிந்தது. பிளக்கைக் கழற்றி ஐந்து நிமிடம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். காலையில் சரிவில் அரை மணி நேரம் செலவழித்த அதே மனிதருக்கு மாலையில் ஐந்து நிமிடம் மீறமுடியாத அவசரம். வீட்டில் சாப்பாடு ஆறிவிடும். 2017-இல் சிப்பி டிராவிஸ் ஏரிக்கும் வந்து சேர்ந்தது. மேன்ஸ்ஃபீல்ட் அணை தேக்கி வைத்திருக்கும் அதே ஏரிதான்.

அந்தக் கொடை கடைசியில் படகே இல்லாதவர்களின் வீடு தேடியும் வந்தது. 2019 பிப்ரவரியில் ஆஸ்டின் குழாய்த் தண்ணீரில் திடீரென்று ஒரு நாற்றம். அழுகிய மீன் வாடை என்றார்கள் சிலர், சாக்கடை என்றார்கள் சிலர். காலை காபி கருவாட்டு வாடை அடித்தது. நகரின் குடிநீர் நிலையம் ஒன்றுக்கு ஆஸ்டின் ஏரியிலிருந்து தண்ணீர் இழுக்கும் குழாய்க்குள் சிப்பிகள் குடியேறி, செத்து, அழுகியதுதான் காரணம் என்று தெரிய வந்தது. ராம்புப் பக்கமே போகாதவர்கள், படகு என்றாலே தலைசுற்றும் பாட்டிகள், கைக்குழந்தைகள் என்று ஒருவர் விடாமல் ஏரியின் மணத்தை வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுத்த தயாளத்தை என்னென்று சொல்வது? அபராதம் விதிக்கிறார்களாம். பட்டம் அல்லவா கொடுத்திருக்க வேண்டும்.

2023-இல் மழை பொய்த்து, டிராவிஸ் ஏரி தன் நிறைமட்டமான 681 அடியிலிருந்து சுமார் ஐம்பது அடி இறங்கியது. காங்கிரீட்டுக்கும் தண்ணீருக்கும் தொடர்பு அற்றுப்போய்ப் பெரும்பாலான பொது ராம்புகளை மூடிவிட்டார்கள். எல்லா ராம்புகளிலும் சிதறிக் கிடந்த பெருந்தகைகள் திறந்திருந்த இடத்தில் ஒன்றுகூட வேண்டியதாயிற்று. அந்தச் சங்கமத்தைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். ஜெட் ஸ்கீயை வரிசைக்குக் குறுக்கே செருகி, "ஒரு நிமிஷம்தான்" என்று சொன்னவரின் அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டுமே ஒரு அத்தியாயம் போதாது.

இவர்களில் மூத்தவர்களுக்குப் பயிற்சி போதாது என்று குறை சொல்ல முடியாது, அது தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. டெக்சாஸில் 1993 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள், பதினைந்து குதிரைசக்திக்கு மேற்பட்ட படகை ஓட்ட வேண்டுமானால் படகுக் கல்விப் பாடம் படித்துத் தேறியிருக்க வேண்டும். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆகஸ்ட் 31 வரை பூமிக்கு வந்தவர்கள் எல்லாம் கற்றே வந்தார்கள் என்று மாநிலம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

சென்ற கோடையில் கல்லூரிப் பெண் ஒருத்தி தன் தம்பியோடு சிறிய படகு ஒன்றை இறக்க வந்தாள். பட்டை, கயிறு, ஜாக்கெட் எல்லாம் மேலேயே முடித்துவிட்டுத்தான் சரிவில் இறங்கினாள். தண்ணீருக்கு நாலு அடி முன்னால் நிறுத்தி, இறங்கிப் போய்க் குனிந்து பிளக்கை ஒரு திருகு திருகிச் சரிபார்த்தாள். பத்து வினாடி இருக்கும். அவளுக்குப் பின்னால் நின்றவர் நரைத்த மீசைக்காரர். உறை கழற்றவில்லை, பட்டை அவிழ்க்கவில்லை, ஐஸ் பெட்டி டிரக்கின் பின்புறத்திலேயே இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார், ஹாரனை நீளமாக அழுத்தினார்.